டாக்டரும் இல்லை, டாக்டர் பட்டமும் இல்லை: சி.டி. ஸ்கேனைத் தந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு யார்?

சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டை உற்றுப் பார்த்தால் சில சமயம் ஒரு எண்ணும் அதன் பக்கத்தில் எச்.யு. என்ற எழுத்துகளும் இருக்கும். உள்ளே தெரிவது சதைக் கட்டியா, நீர்க்கட்டியா, வெறும் கொழுப்பா, ரத்தக்கசிவா என்று பிரித்துப் பார்க்க டாக்டர்களுக்கு உதவும் எண் அது. எச்.யு. என்றால் ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். இந்த அளவில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000.

புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் யாரும் இந்த ஹவுன்ஸ்ஃபீல்டைத் தாண்டாமல் போக முடியாது. ஆனா அவர் யாருன்னு கேட்டா பலருக்கும் தெரியாது.

வைக்கோல் போரில் இருந்து குதித்த பையன்

1919 ஆகஸ்ட் 28. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது, கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. அண்ணன், அக்காக்கள் அவர்கள் பாட்டுக்கு விளையாட, இவருக்கு பண்ணை இயந்திரங்களே விளையாட்டுப் பொருள். தானே செய்த கிளைடரை மாட்டிக்கொண்டு வைக்கோல் போர் உச்சியில் இருந்து குதிப்பது, தார் பீப்பாயில் தண்ணீரையும் அசிட்டிலின் வாயுவையும் வைத்து எவ்வளவு உயரம் பறக்கும் என்று பார்ப்பது... உயிர் தப்பியதே பெரிய விஷயம். பள்ளியில் இயற்பியலும் கணக்கும் மட்டும்தான் பிடித்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்து ரேடார் கற்றார், பிறகு ரேடார் கற்பிக்கும் ஆசிரியரானார். போர் முடிந்ததும் உதவித்தொகையில் லண்டன் ஃபாரடே ஹவுஸ் கல்லூரியில் மின் பொறியியல் டிப்ளமோ. அவ்வளவுதான் அவர் படிப்பு.

அடுத்து வேலைக்குச் சேர்ந்த இடம் இஎம்ஐ. கடன் தவணை இஎம்ஐ இல்லைங்க, பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே நிறுவனம். அங்கே எலெக்ட்ரானிக்ஸ் பிரிவும் உண்டு. 1950-களின் கடைசியில் இவர் குழு உருவாக்கிய எமிடெக் 1100, முழுக்க டிரான்சிஸ்டர்களால் ஆன பிரிட்டனின் முதல் கணினிகளில் ஒன்று. அதன் பிறகு எடுத்த கணினி நினைவகத் திட்டம் லாபம் தராது என்று கைவிடப்பட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று நீங்களே யோசியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மருத்துவ உலகத்துக்கு அடித்த அதிர்ஷ்டம் அது.

மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கு?

அப்போது அவர் கையில் எடுத்தது, கணினிக்கு உருவங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் ஆய்வு. அந்த யோசனையின் நடுவே 1967-ல் வந்ததுதான் இந்தக் கேள்வி: ஒரு மூடிய பெட்டியை எல்லாப் பக்கமிருந்தும் கதிர்களால் அளந்தால், திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாதா?

சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல். பத்து கண்ணாடித் தாளில் எழுதி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துப் படிப்பது மாதிரி. எலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கட்டி தெரியாது. ஹவுன்ஸ்ஃபீல்டு அந்தத் தாள்களைத் தனித்தனியாகப் பிரிக்க நினைத்தார். பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கதிர் வெளியே வருகிறது என்று அளந்து, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கணினியிடம் கொடுத்துத் தீர்ப்பது.

முதல் சோதனைக் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு பழைய லேத் மெஷினின் அடிப்பகுதி, அதன் மேல் கதிரியக்கப் பொருள் ஒன்று. 28,000 அளவுகளை எடுக்க 9 நாள் ஆனது, அதைக் கணினி படமாக்க இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே குழாய்க்கு மாறியதும் 9 நாள் 9 மணி நேரமாகக் குறைந்தது.

பதப்படுத்தி வைத்திருந்த மனித மூளையை வைத்தபோது படம் பிரமாதமாக வந்தது. ஆனால் அவருக்குச் சந்தேகம். பதப்படுத்தப் பயன்பட்ட ஃபார்மலின் ரசாயனமே வித்தியாசங்களைக் கூட்டிக் காட்டுகிறதோ? அதனால் இறைச்சிக் கூடத்தில் இருந்து புது மாட்டு மூளைகளை வாங்கி வந்து மறுபடி சோதித்தார். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் தெரிந்தது. பின்னர் தன்னையே ஸ்கேன் செய்தும் பார்த்தார்.

1971 அக்டோபர் 1

இந்தத் தேதி ஏன் முக்கியம்? அதுவரை மூளைக் கட்டியைத் தேடும் வழிகளில் ஒன்று, முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியுள்ள திரவத்தை எடுத்து, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. ஹவுன்ஸ்ஃபீல்டு பிறந்த அதே 1919-ல் வந்த முறை. நாள்கணக்கில் தாங்க முடியாத தலைவலியில் நோயாளிகள் துடிப்பார்கள். அத்தனைக்குப் பிறகும் கட்டி நேரடியாகத் தெரியாது, ஊகம்தான்.

லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் முன்னிலையில் முதல் நோயாளி படுத்தார். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண். கருவியில் கணினி கிடையாது. அளவுகள் பதிவான காந்த நாடாவை இஎம்ஐ-க்கு எடுத்துப் போய்த்தான் படமாக்கினார்கள். 80-க்கு 80, அதாவது மொத்தம் 6,400 கட்டங்கள் கொண்ட படம். இன்றைய மலிவு போன் கேமராகூட இதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் மூளையின் முன்பகுதியில் அந்தக் கட்டி தெளிவாக, வட்டமாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் மண்டையைத் திறந்தபோது படத்தில் பார்த்தபடியே இருந்தது.

பீட்டில்ஸ் பணத்தில்தான் சி.டி. ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை இன்றும் ஷேர் ஆகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெரும்பங்கு பணம் பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறையிலிருந்து வந்தது.

சென்னைக்கும் பங்கு உண்டு

1979-ல் மருத்துவ நோபல். கூடப் பகிர்ந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மக். இதற்கான கணக்கை 1963, 64-லேயே வெளியிட்டிருந்தார், அப்போது கவனிக்க ஆளில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் வேலை செய்தவர்கள். இருவரிடமும் பிஹெச்.டி. இல்லை!

நம் ஊரில் அதிகம் பேசப்படாத இன்னொரு பெயர் ஜி.என்.ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நீண்ட காலம் நடத்தியவர். அவரும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971-ல் வெளியிட்ட கணக்கு முறை, இதே படமாக்கும் வேலையை மிக வேகமாகச் செய்தது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி வேறு முறையில் இயங்கியது. ஆனால் பின்னால் வந்த ஸ்கேனர்கள் பல பத்தாண்டுகள் ஓடியது இந்த வகைக் கணக்கில்தான். ராம்-லாக் ஃபில்டர் என்ற பெயரில் இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

நோபல் பரிசு வந்த அதே காலத்தில் இஎம்ஐ-யின் ஸ்கேனர் தொழில் அமெரிக்கப் போட்டியாளர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது, சீக்கிரமே விற்கப்பட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1981-ல் சர் பட்டம் வந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. பரிசுப் பணத்தில் வீட்டிலேயே ஒரு ஆய்வகம் வைத்தார். 2004 ஆகஸ்ட் 12-ல், 84 வயதில் காலமானார்.

இப்போ ஏ.ஐ. செய்வது என்ன?

அவருடைய ஸ்கேன், படம் என்பதற்கு முன்னால் எண்களின் அட்டவணை. கதிர்வீச்சு சிகிச்சையில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது அந்த எண்களை வைத்துத்தான். கீமோவுக்குப் பிறகு கட்டி எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியது என்று அளப்பதும் அந்தப் படத்தில்தான். நுரையீரலில் சின்னப் புள்ளியைக் கண்டுபிடித்து வட்டம் போடும் ஏ.ஐ. மென்பொருளும் அதே எண்களைத்தான் படிக்கிறது. கணினிக்கு உருவங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் வேலை, அதாவது அவர் 1967-ல் ஆரம்பித்த இடம்.

மென்பொருள் தவறாகவும் வட்டம் போடும். ரத்தக்குழாயைக் கட்டி என்று காட்டும், பழைய காசநோய்த் தழும்பைப் பார்த்து மிரளும். அதனால் ரிப்போர்ட்டில் கையெழுத்து இன்னும் டாக்டருடையதுதான்.

அவர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து, 2011-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. நீண்ட காலம் அதிகம் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டோரில் ஒரு பாதிக்கு மார்பு எக்ஸ்ரே, மறு பாதிக்கு குறைந்த கதிர் அளவில் சி.டி. ஸ்கேன். ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைவாக இருந்தன.