நீரில் மறைந்த உண்மைகளும் ஸ்பில்ஸ்பரியும்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்பு ஒன்றைக் கொடுத்து, அது இன்னதெனக் கண்டறியச் சொல்லும்போது நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பதிவேட்டில் சோதனை, காண்பன, அறிவன என மூன்று பத்திகள் உண்டு. முந்தைய அணியினரிடம் உப்பின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அறிவன என்பதை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்பக் காண்பன என்பதைப் பிறகு நிரப்புவோம். அப்படி எழுதிச் சென்ற ஆண்டு நான் பிடிபட்டேன். கண்டித்த ஆசிரியர், தண்டனைபோல, ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்துவரச் சொன்னார். அவர்தாம் இங்கிலாந்தின் புகழ்பெற்ற தடய மருத்துவ அறிஞர் சர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி.

ஸ்பில்ஸ்பரி 1877-ல் லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு வேதிப்பொருள் உற்பத்தியாளர். ஆக்ஸ்போர்டில் இயற்கை அறிவியல் பயின்ற பின் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் மருத்துவம் கற்று, நோய்க்குறியியலில் ஈடுபட்டார். 1910-ல் நடந்த கிரிப்பன் கொலை வழக்கு அவர் பெயரை நாடறியச் செய்தது. ஆயினும் அவருடைய திறமை முழுவதையும் எனக்குக் காட்டியது, 1915-ல் நடந்த குளியல்தொட்டி மணப்பெண்கள் வழக்கே.

நீரில் நேர்ந்த சாவை ஆராய்வது எளிதன்று. மூச்சுக்குழலில் நுரையும் நுரையீரலில் நீரும் காணப்படலாம்; காணப்படாமலும் போகலாம். நீரில் மூழ்கித்தான் இறந்தார் என்று உறுதியானாலும், தவறி விழுந்தாரா, தாமே விழுந்தாரா, பிறர் அமிழ்த்தினரா என்பதை அந்த நுரை சொல்லுமா? உடலில் காயம் இல்லையெனில் விபத்து என்று எழுதி முடித்துவிடுவதே அக்கால வழக்கம்.

இவ்வழக்கிலும் அதுவே நடந்தது. 1912 ஜூலையில் ஹெர்ன் பே நகரில் பெஸ்ஸி மண்டி, 1913 டிசம்பரில் பிளாக்பூலில் ஆலிஸ் பர்னம், 1914 டிசம்பரில் லண்டன் ஹைகேட்டில் மார்கரெட் லாஃப்டி ஆகிய மூவரும் மணமானவர்கள். மூவரும் குளியல்தொட்டியில் இறந்து கிடந்தனர். விபத்து என்றே மூன்றும் முடிக்கப்பட்டன. மூன்றாவது சாவைப் பற்றிய செய்தியை நாளிதழில் பார்த்த ஆலிஸின் தந்தை, தம் மகளுக்கு நேர்ந்ததும் இதுவேயன்றோ என்று ஐயுற்றுக் காவல்துறைக்குத் தெரிவித்தார். விசாரித்தபோது, வெவ்வேறு பெயர்களில் வந்த மூன்று கணவர்களும் ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் என்னும் ஒரே ஆள் எனத் தெரிந்தது. மனைவியரின் சொத்தும் காப்பீட்டுப் பணமும் அவனுடைய நோக்கம். ஒரு தந்தையின் ஐயம் இல்லாதிருந்தால் நான்காவது பெண் யாரோ!

புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தார் ஸ்பில்ஸ்பரி. போராடியதற்கான அடையாளம் எதுவும் அகப்படவில்லை. ஆகவே உடலோடு தொட்டியையும் அளந்தார்கள். பெஸ்ஸியின் சாவுக்கு வலிப்பே காரணம் என முன்பு கூறப்பட்டிருந்தது. அவள் உயரம் 5 அடி 7 அங்குலம். தொட்டியின் நீளமோ 5 அடி. வலிப்பில் உடல் முதலில் விறைத்து நீளும். அத்துணைச் சிறிய தொட்டியில் நீண்டால், தலை சரிவின் வழியே நீருக்கு மேலே ஏறுமேயன்றி உள்ளே அமிழாது. ஆனால் முகம் நீருக்குள்ளும் கால்கள் வெளியே நீண்டும் அவள் கிடந்தாள். கையில் சோப்புத் துண்டு இறுகப் பற்றியபடி இருந்தது. திடீரெனச் சாவு வந்ததற்கு அது சான்று.

போராட்டமின்றி ஒருவரை எப்படி மூழ்கடிப்பது? நீச்சலில் தேர்ந்த பெண் ஒருத்தியைத் தொட்டியில் அமர்த்திக் காவல் ஆய்வாளர் நீல் சோதித்துப் பார்த்தார். தலையை அழுத்தியபோது அவள் எளிதில் எதிர்த்தாள். எதிர்பாராத நேரத்தில் கால்களைப் பிடித்து இழுத்ததும் நீர் மூக்கில் பாய்ந்து உடனே நினைவிழந்தாள்! அவளைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடாயிற்று. ஜூரிகள் 22 நிமிடங்களில் முடிவு செய்தனர். 1915 ஆகஸ்டு 13 அன்று ஸ்மித் தூக்கிலிடப்பட்டான்.

1923-ல் ஸ்பில்ஸ்பரிக்கு சர் பட்டம் கிடைத்தது. இதன்பின் அவர் சொல்லே சான்றாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1925-ல் நார்மன் தார்ன் வழக்கில் பிற மருத்துவர்கள் அவரோடு மாறுபட்டனர்; ஜூரிகள் அவரையே நம்பினர்; தார்ன் தூக்கிலேறினான். அத்தீர்ப்பு சரியா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. 1927-ல் எடின்பரோவில், தாயைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட டொனால்டு மெரெட் என்னும் இளைஞனுக்காக, அது தற்கொலையாகவும் இருக்கலாம் எனச் சாட்சி கூறினார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவன் தப்பினான். 1954-ல் அதே மெரெட் தன் மனைவியைக் கொன்றான். எப்படித் தெரியுமா? குளியல்தொட்டியில் மூழ்கடித்து! அதைக் காண ஸ்பில்ஸ்பரி உயிரோடில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது அவர் அறிவு தலைகீழாகப் பயன்பட்டது. எலி நஞ்சுண்டு இறந்த ஒருவரின் உடலுக்கு அதிகாரி உடை அணிவித்து, பொய்யான இராணுவக் கடிதங்களுடன் ஸ்பெயினின் ஊயெல்வா கடற்கரையருகே விட ஆங்கிலேயர் திட்டமிட்டனர். கடலில் இறந்தவர் என்று அங்குள்ள மருத்துவர்கள் நம்புவார்களா? ஸ்பில்ஸ்பரியைக் கேட்டார்கள். நம்புவார்கள் என்றார். 1943 ஏப்ரல் 30 அன்று உடல் நீரில் விடப்பட்டது. மூழ்கி இறந்தவர் என்றே ஸ்பெயின் மருத்துவர்கள் எழுதினர். சிசிலியைத் தாக்கவிருந்த நேச நாடுகளின் திட்டம் இவ்வாறு மறைக்கப்பட்டது.

அவருடைய வீட்டில் துயரம் சூழ்ந்தது. மகன் பீட்டர் 1940-ல் குண்டுவீச்சில் மாண்டார். மற்றொரு மகன் ஆலன் 1945-ல் காசநோயால் இறந்தார். அவரையும் பக்கவாதம் தாக்கியிருந்தது. 1947 டிசம்பர் 17 அன்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலுள்ள தம் ஆய்வுக்கூடத்தில் எரிவாயுக் குழாயைத் திறந்துவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பல்லாயிரம் பிணங்களை அறுத்து ஆராய்ந்தவர் அவர். கண்டவற்றைச் சிறு அட்டைகளில் தம் கையாலேயே குறித்துவைத்தார். அவற்றைக் கொண்டு பாடநூல் ஒன்று எழுத எண்ணியிருந்தார். அட்டைகள் எஞ்சின; நூல் எழுதப்படவேயில்லை.