தாமஸ் பெயின் கண்ட தனிவழி

பிறந்த மதத்திலேயே வாழ்ந்து மறைவது பெரும்பாலோர் இயல்பு. எந்தச் சபைக்கும் கட்டுப்படாமல், எந்தக் குருவையும் இடையில் நிறுத்தாமல், இறைவன் ஒருவன் உண்டு என்னும் நம்பிக்கையை இறுதிவரை காத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் தாமஸ் பெயின் ஆவார். அமெரிக்க விடுதலைக்கு எழுதுகோல் ஏந்தியவர் என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவர். அவர்தம் சமயக் கொள்கையையும், அதனால் அவர் அடைந்த துன்பத்தையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

பெயின் 1737-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டுத் தெட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மகளிர் அணியும் இறுக்குக் கச்சை தைக்கும் தொழிலாளி; குவேக்கர் சபையைச் சார்ந்தவர். தாயார் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தவர். பதின்மூன்று வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. தந்தையின் தொழிலையே பையனும் கற்றார். பின்னர்க் கலால்வரித் துறையில் சிறு பணி ஏற்றார். சக ஊழியரின் ஊதிய உயர்வுக்காக 1772-இல் முறையீடு எழுதினார். 1774-இல் அவ்வேலையும் போயிற்று. அவ்வாண்டே பெஞ்சமின் பிராங்க்ளினின் அறிமுகக் கடிதத்துடன் அமெரிக்கா சென்றார்.

1776-இல் வெளிவந்த 'காமன் சென்ஸ்' என்னும் சிறுநூல் குடியேற்ற மக்களை விடுதலை நோக்கித் திருப்பியது. அதன் வருவாயைப் பெயின் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1791-லும் 1792-லும் இரு பகுதிகளாக 'மனித உரிமைகள்' வெளிவந்தது. பிறப்பால் வரும் ஆட்சியுரிமையை அந்நூல் மறுத்தது. இங்கிலாந்து அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. பிரெஞ்சு மக்களோ தம் தேசியப் பேரவைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தனர். மன்னராட்சியை வெறுத்த பெயின், மன்னன் பதினாறாம் லூயியைக் கொல்லுதல் கூடாது என்று அப்பேரவையிலேயே வாதாடினார். 1793 டிசம்பரில் அவரும் சிறைப்பட்டார்.

சிறைக்குச் செல்லும் நேரத்தில் அவர் நண்பரிடம் ஒப்படைத்த கையெழுத்துப்படியே 'பகுத்தறிவுக் காலம்' என்னும் நூலின் முதற்பகுதி. அது 1794-இல் அச்சேறியது. பிரான்சில் அப்போது தேவாலயங்கள் மூடப்பட்டு வந்தன. குருமாரின் ஆதிக்கத்தோடு இறையுணர்வும் அறநெறியும் சேர்ந்து அழிந்துவிடுமோ என அஞ்சியே அவர் அதனை எழுதினார். ஆயினும் நூலைப் படிக்காதவரும் அவரை நாத்திகர் என்று தூற்றினர்.

அவர் கொள்கை எளியது. கடவுள் ஒருவரே, மனிதர் அனைவரும் சமம், நீதி செய்தலும், இரக்கம் காட்டுதலும், உடன்வாழ்வோரை மகிழச் செய்தலுமே சமயக் கடமைகள். இறைவனின் உண்மை நூல் கண்முன் விரிந்த இயற்கையே; அதனைப் படிக்க ஒரு மொழியோ, ஒரு குலமோ, ஓர் இடைத்தரகரோ வேண்டா. எல்லார்க்கும் பொதுவான அறிவு ஒன்றே போதும். வழிபாட்டு வாயில்களில் தடுத்து நிறுத்தப்பட்ட வரலாறு உடைய நமக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

1794 நவம்பரில் விடுதலை பெற்ற பெயின், 1802-இல் அமெரிக்கா திரும்பினார். முன்பு போற்றியவர்களே முகம் திருப்பிக்கொண்டனர். 1806-இல் வாக்குரிமையும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1809 ஜூன் 8-ஆம் நாள் மறைந்தார். தந்தையார் சார்ந்திருந்த குவேக்கர் சபையினர் தம் இடுகாட்டில் இடந்தர இசையவில்லை. தம் சொந்த நிலத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். வந்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனினும் கொள்கையை அவர் கைவிடவில்லை.

அவர் எழுத்து கடல் கடந்து நம் நாட்டையும் அடைந்தது. புனே நகரில் இளைஞர் ஜோதிராவ் புலே 'மனித உரிமைகள்' நூலைப் பயின்றார். 1848-இல் பெண்களுக்கும், பின்னர் மகர், மாங்கு குலப் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டார். 1873-இல் சத்தியசோதக் சமாஜத்தைத் தோற்றுவித்தார். புரோகிதர் வேண்டாத, படைத்தவன் ஒருவனையே ஏற்ற நெறி அவருடையது. தாம் 1946-இல் வெளியிட்ட 'சூத்திரர்கள் யார்?' என்னும் நூலை அப்புலேக்கே காணிக்கையாக்கினார் அண்ணல் அம்பேத்கர்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மதம் என்னும் கட்டத்தைப் பெற்றோர் சொற்படி நாம் நிரப்புகிறோம். அது பதிவேட்டுக்குப் போதும், வாழ்வுக்குப் போதாது. எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று ஒவ்வொருவரும் தாமே ஆய்ந்து தெளிதல் வேண்டும். நம்புவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் ஆராயாமல் நம்புவதும், ஆராயாமல் மறுப்பதும் அடிமைத்தனமே. ஆராய்வதற்குக் கல்வி வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விக் கழகம் ஆற்றிவரும் பணியும் அதுவேயாம். இளைஞர்கள் பெயினைப் படிக்க வேண்டும். படித்தபின் அவரையும் ஆராய வேண்டும்.