சேக் தீன் முகம்மது கண்ட வணிகம்

பாட்னா நகரில் 1759ஆம் ஆண்டு பிறந்த தீன் முகம்மதுவை, ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் என்றே இலக்கிய மாணவர் அறிவர். அவருடைய பயண நூல் 1794இல் அயர்லாந்தின் கார்க் நகரில் வெளிவந்தது. நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது அவருடைய வணிக வாழ்வையே.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணிபுரிந்த தந்தையார் இறந்தபின், சிறுவராயிருந்த அவர் பேக்கர் என்னும் அதிகாரியைச் சார்ந்து படையோடு திரிந்து, சுபேதார் வரை உயர்ந்தார். 1784இல் அவ்வதிகாரியுடன் கார்க் சென்றார். அங்கு 1786இல் ஜேன் டேலி என்னும் மங்கையை மணந்தார்; அம்மணத்தின் பொருட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையைத் தழுவினார். இதனை மறைத்து எழுதுதல் வரலாற்றுக்கு அறமன்று. எனினும் முகம்மது என்னும் பெயரை அவர் விட்டாரில்லை; பின்னாளில் அவர் நடத்திய குளியலகமும் அப்பெயரையே தாங்கி நின்றது.

பின்னர் இலண்டனில் குடியேறி, பாசில் காக்ரேன் என்பாரின் நீராவிக் குளியலகத்தில் பணியாற்றினார். இந்தக் காக்ரேன் நம் சென்னையில் கடற்படைக்குப் பண்டங்கள் வழங்கிப் பெரும்பொருள் ஈட்டியவர். 1810இல் போர்ட்மன் சதுக்கத்தை அடுத்த ஜார்ஜ் தெருவில் தீன் முகம்மது 'இந்துஸ்தான் காபி ஹவுஸ்' என்னும் உணவகத்தைத் திறந்தார். பெயரில்தான் காபி, உள்ளே இந்திய உணவு, பிரம்பு இருக்கைகள், இந்தியக் காட்சி ஓவியங்கள், ஹுக்கா புகைக்கத் தனியறை. இந்தியர் ஒருவர் இங்கிலாந்தில் நடத்திய முதல் இந்திய உணவகம் இதுவே.

1812இல் அவர் திவாலானார். உணவில் குறையிருந்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் வாழ்ந்து அச்சுவை அறிந்த செல்வர் தத்தம் இல்லங்களிலேயே இந்தியச் சமையற்காரரை வைத்திருந்தனர். அறியாதாரோ படியேறத் தயங்கினர் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஐம்பது வயது கடந்தவர், மனைவி மக்களுடன், வீட்டுப் பணியாள் வேலை கேட்டு நாளிதழில் விளம்பரம் செய்யும் நிலைக்கு வந்தார்.

1814இல் கடற்கரை நகரான பிரைட்டனுக்குச் சென்றார். அங்கு அவர் விற்றது எவர் வீட்டிலும் இல்லாத பொருள்: மூலிகை நீராவியும் உடல் பிடித்துவிடும் கலையும். துணிக் கூடாரத்துள் நோயாளி வியர்த்திருக்க, திறப்பின் வழியே கைநுழைத்து அவருடலைப் பிடித்துவிடுவர். இதற்கே அன்று 'ஷாம்பூ' என்று பெயர். தலைக்குத் தேய்ப்பது என்னும் பொருள் பின்னர் வந்தது. குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் சுவரில் தொங்கின. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களும் அவரைத் தம் பணிக்கு அமர்த்திக்கொண்டனர். மருத்துவத்தில் நெடிய அனுபவம் உடையவராகக் காட்டவோ என்னவோ, தாம் பிறந்த ஆண்டு 1749 என்று கூறித் தம் வயதில் பத்தைக் கூட்டிக்கொண்டார். தொழிலில் நம்பிக்கை தேட அந்நியர் ஒருவர் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது!

ஆயினும் கைத்திறன் அவருடையது, முதல் பிறருடையது. முதலிட்ட கூட்டாளி இறந்ததும், 1840களின் தொடக்கத்தில் குளியலகம் ஏலத்திற்கு வந்தது. அதனை மீட்கும் பொருள் அவரிடம் இல்லை. சிறியதோர் இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். 1850இன் இறுதியில் மனைவி மறைய, 1851 பிப்ரவரியில் அவரும் மறைந்தார். பிரைட்டன் புனித நிக்கோலஸ் ஆலய வளாகத்திலுள்ள கல்லறையில் அவர் வயது 101 என்றே பொறிக்கப்பட்டுள்ளது.