உடுவில் கண்ட ஹரியற் வின்ஸ்லோ அம்மையார்

வின்ஸ்லோ அகராதி என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டார். 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் சென்னையில் வெளியான தமிழ் - ஆங்கிலப் பேரகராதி அது. அதைத் தொகுத்து முடித்தவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைறன் வின்ஸ்லோ போதகர். அவருடைய முதல் மனைவி ஹரியற் அம்மையாரை உடுவில் மகளிர் கல்லூரியின் பிள்ளைகள் அறிவர். மற்றையோர் அதிகம் அறியார். சபை வேறு, அந்நாளில் அவர்களுக்கும் நம்மவர்க்கும் இடையே நல்லுறவும் இருந்ததில்லை. ஆயினும் அந்தத் தாயின் கதையை நாமும் அறிந்திருத்தல் தகும்.

அமெரிக்காவில் கொனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் என்னும் ஊரில், லேத்ரொப் குடும்பத்தில் 1796இல் பிறந்தவர் ஹரியற். 1819இல் திருமணமாகி, அதே ஆண்டில் கணவரோடு பொஸ்ரனில் கப்பலேறினார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வந்து உடுவிலில் குடியேறினர். போர்த்துக்கேயர் காலத்தில் நம் கோயிலாக இருந்து, பின் ஒல்லாந்தர் கைக்குப் போன இடமே அவர்களுக்குக் கிடைத்தது.

அக்காலத்தில் நம் ஊர்களில் பெண்பிள்ளை எழுத்துப் படிப்பது வழக்கமில்லை. படித்த பெண்ணை யார் கட்டுவார் என்று தாய்மாரே பயந்தனர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை ஆரம்பமாயிற்று; அது அம்மையாரின் பொறுப்பில் வளர்ந்தது. ஊணும் உடையும் இலவசம். படித்து முடித்துக் கலியாணம் செய்யும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. சீதனம் கொடுத்துப் படிப்பித்த பள்ளிக்கூடம் வேறெங்காவது உண்டோ தெரியாது. யாழ்ப்பாணத்தாரின் மனதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

பிறர் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்த அந்தத் தாய் தம் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. படிப்பின் பொருட்டுப் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்புவது மிஷனரிமாரின் வழக்கம். மூத்த மகன் சாள்ஸ் 1821இல் பிறந்தவன். சிறுவனாகவே கப்பலேற்றப்பட்டான். 1832 மே மாதத்தில், பதினொரு வயதில், நியூயோர்க்கில் இறந்துபோனான். அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் இங்கு வந்துசேர மாதக்கணக்காகும் காலம் அது. தாய் தன் மகனை நினைத்துச் செபம் செய்துகொண்டிருந்த எத்தனையோ இரவுகளில் அவன் ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தான். எட்டு மாதங்கூட நிறையவில்லை. 1833 ஜனவரி 14இல் அம்மையாரும் திடீரெனக் காலமானார். வயது முப்பத்தாறு. பெண்பிள்ளைகளோடு தந்தை அமெரிக்கா போனார்.

நோர்விச் வீட்டின் துக்கம் இதோடு முடியவில்லை. புதிய அமெரிக்க மிஷனரிமார் இங்கு வராதபடி ஆங்கில ஆட்சியாளர் விதித்திருந்த தடை அம்மையார் இறந்த 1833ஆம் ஆண்டளவில் நீங்கியது. அவருடைய தங்கை ஒருவர் ஹச்சிங்ஸ் போதகரின் மனைவியாக அவ்வாண்டு வந்துசேர்ந்தபோது, வரவேற்க அக்கா இல்லை. மேலும் இரு தங்கையர் பின்தொடர்ந்தனர். பெரி போதகரை மணந்தவர் 1837இல் வாந்திபேதியால் கணவரோடு சில நாள் இடைவெளியில் மாண்டார். மதுரை மிஷனுக்கென வந்த செரி போதகரின் மனைவியும் அதே ஆண்டில் இறந்தார். நால்வரில் உயிரோடு ஊர் திரும்பியவர் ஒருவரே. அது வீண் பலி என்று சொல்வோர் அன்றும் இருந்திருப்பர். நான் தீர்ப்புக் கூற வரவில்லை. பெற்றவர்களை எண்ணும்போது மட்டும் நெஞ்சு கனக்கிறது.

பாடசாலை நிற்கவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் பொறுப்பேற்றனர். 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எலைசா அக்னியூ அம்மையார் நடத்தினார்.

தாயை இழந்தபோது நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு மகளுக்கும் ஹரியற் என்றே பெயர். வளர்ந்தபின் அவள் டலஸ் என்னும் போதகரை மணந்து சென்னையில் ஊழியஞ் செய்தாள். அமெரிக்க வெளிநாட்டமைச்சராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் அவளுடைய பேரன். அவருடைய மகன் ஏவரி டலஸ் 1940இல் கத்தோலிக்கராகி, இயேசு சபைக் குருவானார். 2001இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 2008இல் இறைவனடி சேர்ந்த அந்தக் கர்தினாலின் கொள்ளுப்பாட்டி உடுவிலில் பிறந்தவர்.