வாய்விட்டுப் படித்த வணிகர்

1842ஆம் ஆண்டு. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருபது வயது இளைஞர் ஒருவர் கடிதக் கட்டுடன் அஞ்சலகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மழை தூறியது. ஆயினும், அவர் கையில் ஒரு புத்தகம் விரிந்திருந்தது. உதடுகள் எதையோ முணுமுணுத்தபடி இருந்தன. அஞ்சலகத்தில் தம் முறைக்காகக் காத்து நின்ற நேரத்திலும் அவர் பார்வை புத்தகத்தைவிட்டு அகலவில்லை. வணிக நிறுவனம் ஒன்றின் கடைநிலை ஊழியரான அவர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தார். அவர்தாம் ஹைன்ரிக் ஷ்லீமன். பிற்காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் தேர்ச்சி பெற்றவர். மண்ணுள் புதைந்து கிடந்த டிராய் நகரை அகழ்ந்து உலகப் புகழ் அடைந்தவர்.

ஷ்லீமன் 1822ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வட ஜெர்மனியில் உள்ள நொய்புக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை கிறித்துவப் போதகர். ஷ்லீமனுக்கு ஒன்பது வயதானபோது தாயார் இறந்தார். அதன்பின் குடும்பம் நொடித்துப்போனது. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. மளிகைக் கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை முதல் இரவு வரை உப்பும் மீனும் எண்ணெயும் நிறுத்துக் கொடுப்பதே அவர் வாழ்க்கையாயிற்று. புத்தகத்தைத் தொடவும் நேரமில்லை.

ஒருநாள் மாலை அக்கடைக்கு வந்த ஒருவர், பண்டைய கிரேக்கப் புலவர் ஹோமரின் பாடல் அடிகளை உரக்கச் சொன்னாராம். ஷ்லீமனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும், அந்த ஓசை அவர் நெஞ்சை உருக்கியது. தம்மிடம் இருந்த சில்லறைக் காசுகளையெல்லாம் அம்மனிதருக்காகச் செலவழித்து, மீண்டும் மீண்டும் அப்பாடலைச் சொல்லச் செய்து கேட்டதாக ஷ்லீமன் பின்னாளில் எழுதினார். என்றாவது கிரேக்கம் கற்க வேண்டும் என்ற ஆசை அன்றே வேர்விட்டது.

பளுவான பீப்பாய் ஒன்றைத் தூக்கியபோது நெஞ்சில் அடிபட்டதால் கடை வேலையை விட நேர்ந்தது. வேலை தேடி ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். அங்கிருந்து தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவுக்குப் புறப்பட்ட கப்பலில் சிற்றாளாக ஏறினார். 1841ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கப்பல் புயலில் சிக்கி நெதர்லாந்துக் கடற்கரையருகே உடைந்தது. உயிர் பிழைத்தவர், வெறுங்கையுடன் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார்.

அங்குக் கிடைத்த வேலைக்கு ஆண்டுக்கு 800 பிராங்கு சம்பளம். அதில் பாதியைப் படிப்புக்கென ஒதுக்கினார். மீதியில் வயிற்றைக் கழுவினார். தங்கியிருந்த மாடியறையில் குளிர்காலத்தில் நடுங்கினார், கோடையில் வெந்தார். கடிதங்களை எடுத்துச் செல்வது, உண்டியல் தாள்களில் முத்திரை குத்துவது போன்ற வேலைகளில் கைக்குத்தான் உழைப்பு, மூளைக்கு ஓய்வு. அந்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. அப்போதுதான் தமக்கென ஒரு கற்றல் முறையை வகுத்துக்கொண்டார்.

அம்முறை எளியது. முதலாவது, புதிய மொழியில் நிறைய வாய்விட்டுப் படிப்பது. படிக்கும்போது தாய்மொழியில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கக்கூடாது. இரண்டாவது, நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாமல் ஒதுக்குவது. மூன்றாவது, தமக்குப் பிடித்த பொருளைப் பற்றி அம்மொழியில் சிறு கட்டுரை எழுதுவது. நான்காவது, அக்கட்டுரையை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது. ஐந்தாவது, திருத்திய கட்டுரையை மனனம் செய்து மறுநாள் ஒப்புவிப்பது. பிழையான வாக்கியம் நினைவில் தங்குவதற்கு முன்பே சரியான வாக்கியம் அங்கே இடம்பிடித்துவிடும். இதுவே இம்முறையின் நுட்பம்.

ஷ்லீமன் பிறவியிலேயே நினைவாற்றல் மிக்கவர் என்று நாம் எண்ணலாம். உண்மை அதுவன்று. சிறு வயதில் பயிற்சி இல்லாததால் தம் நினைவாற்றல் மிகவும் குறைவாக இருந்தது என்று அவரே எழுதியுள்ளார். அதனால்தான் கிடைத்த நிமிடங்களையெல்லாம் அவர் சேர்த்துவைத்தார். கடிதம் கொண்டுபோகும் வழியில் படித்தார். உறக்கம் வராத இரவுகளில், மாலையில் படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பைச் செம்மைப்படுத்த, ஞாயிறுதோறும் இருமுறை ஆங்கிலத் தேவாலயத்திற்குச் சென்றார். போதகர் பேசப் பேச, ஒவ்வொரு சொல்லையும் தாமும் மெல்லிய குரலில் திருப்பிச் சொன்னார். மூன்று மாதங்களில், கவனமாக மூன்று முறை படித்த இருபது பக்கங்களைப் பார்க்காமல் ஒப்புவிக்கும் அளவுக்கு அவர் நினைவாற்றல் வளர்ந்தது.

ஆறு மாதங்களில் ஆங்கிலமும் அடுத்த ஆறு மாதங்களில் பிரெஞ்சும் அவர் வசமாயின. அதன்பின் டச்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம் ஆகியவற்றை ஒவ்வொன்றும் ஆறே வாரங்களில் பேசவும் எழுதவும் கற்றதாக அவர் குறிப்பிடுகிறார். முதல் மொழிக்கு ஆறு மாதமும் பின்வந்தவற்றுக்கு ஆறு வாரமும் போதுமாக இருந்ததில் வியப்பில்லை. இம்மொழிகள் ஒன்றுக்கொன்று உறவுடையவை. அதோடு, கற்கும் பழக்கமும் அதற்குள் கைவந்துவிட்டது.

1844ஆம் ஆண்டு ஷ்லீமன் வேறொரு பெரிய வணிக நிறுவனத்தில் கணக்கராகவும் கடித எழுத்தராகவும் சேர்ந்தார். அந்நிறுவனம் ரஷ்யாவுடன் அவுரிச் சாயத்தை வணிகம் செய்தது. ரஷ்ய மொழி தெரிந்தால் முன்னேறலாம் என்று அவர் உணர்ந்தார். ஆனால், ஆம்ஸ்டர்டாமில் அம்மொழியைக் கற்பிக்க ஒருவரும் கிடைக்கவில்லை. பழைய இலக்கண நூல் ஒன்று, அகராதி ஒன்று, டெலிமாக்கஸ் என்னும் இளவரசனின் கதையைக் கூறும் நூலின் மொழிபெயர்ப்பு ஒன்று ஆகிய மூன்றுமே அவருக்குக் கிடைத்தன. எழுத்துகளையும் ஒலிகளையும் தாமே கற்றார். கட்டுரைகள் எழுதினார். திருத்துவதற்கு ஆளில்லாததால் அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. டெலிமாக்கஸ் கதையை மனனம் செய்து, அதனோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைக் களைய முயன்றார்.

ஆயினும், ஏதோ ஒரு குறை இருந்தது. தனியறையில் சுவரைப் பார்த்துப் பேசினால் உற்சாகம் வடிந்துவிடுகிறது. கேட்பதற்கு ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே, வாரம் நான்கு பிராங்கு கூலி பேசி ஓர் ஏழையை அமர்த்திக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம் வந்து அமர்ந்து, ஷ்லீமன் ரஷ்ய மொழியில் ஒப்புவிக்கும் கதையைக் கேட்பதே அவர் வேலை. வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதருக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது! எனினும், எதிரில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது பாதியில் நிறுத்த மனம் வராது. சொற்களை நா தேடிப் பிடித்தே ஆக வேண்டும். ஷ்லீமனுக்கு அது போதுமாயிருந்தது. மெல்லிய பலகைத் தளம் கொண்ட வீடு என்பதால் அவர் குரல் மேலும் கீழும் கேட்டது. குடியிருந்தோர் முறையிட்டனர். இருமுறை அவர் வீடு மாற நேர்ந்தது. ஆனால், படிப்பை மாற்றவில்லை.

ஆறு வாரங்களுக்குப் பின் தம் முதல் ரஷ்யக் கடிதத்தை எழுதினார். அவுரி ஏலத்திற்கு வந்த ரஷ்ய வணிகர்களுடன் அவர்கள் மொழியிலேயே உரையாடினார். 1846ஆம் ஆண்டு நிறுவனம் அவரைத் தன் பிரதிநிதியாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அனுப்பியது. அங்கு அவர் சொந்தமாக வணிகம் தொடங்கிப் பெருஞ்செல்வர் ஆனார்.

கிரேக்கத்தை மட்டும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அதன் இனிமையில் மயங்கி வணிகத்தை மறந்துவிடுவோமோ என்று அஞ்சினார். 1856ஆம் ஆண்டில்தான் அதைத் தொட்டார். ஏற்கெனவே பிரெஞ்சில் மனனம் செய்திருந்த ஒரு கதையின் கிரேக்க மொழிபெயர்ப்பை வாங்கினார். கதை தெரிந்திருந்ததால் சொற்களின் பொருளை ஊகிக்க முடிந்தது. அகராதியைப் புரட்டும் நேரம் மிஞ்சியது. தற்கால கிரேக்கத்தை ஆறு வாரங்களிலும், அதனைத் தொடர்ந்து பண்டைய கிரேக்கத்தை மூன்று மாதங்களிலும் படித்தறியும் நிலையை எட்டினார். இலக்கண விதிகளை மட்டும் மனனம் செய்வதால் மொழி வராது. நல்ல உரைநடையை ஊன்றிப் படித்தால் இலக்கணம் தானே பிடிபடும் என்பது அவர் கருத்து.

1864ஆம் ஆண்டு தொடங்கிய நெடும்பயணத்தில் அவர் இலங்கை, சென்னை, கல்கத்தா, சிங்கப்பூர், ஜாவா, சீனா, ஜப்பான் ஆகிய இடங்களுக்குச் சென்றார். பயணங்களின்போது தாம் இருக்கும் நாட்டின் மொழியிலேயே நாட்குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். கற்ற மொழியைத் துருப்பிடிக்கவிடாமல் காக்க அவர் கண்ட வழி அது.

பின்னர், துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் 1870 முதல் அகழாய்வு நடத்தினார். ஹோமர் பாடிய டிராய் நகர் அங்கே இருந்ததென்று உலகை நம்பச் செய்தார். ஆனால், இங்கே அவர் ஒரு பெரும் பிழையும் செய்தார். அடியாழத்தை எட்டும் அவசரத்தில் அகன்ற பள்ளம் வெட்டினார். மேலடுக்குகளில் இருந்த பல சான்றுகள் அழிந்துபோயின. அவர் தேடிய காலத்து டிராயின் பகுதிகளும் அவற்றுள் அடங்கும். 1873இல் கிடைத்த பொற்புதையலை அன்றைய அரசின் இசைவின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டு சென்றார். தம் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில மிகைகள் உண்டு என்றும் ஆய்வாளர்கள் கூறுகின்றனர். ஒரே பக்கத்தை நாள்தோறும் திரும்பத் திரும்பப் படித்த பொறுமை, மண்ணை அடுக்கடுக்காக அகற்றுவதில் அவருக்கு இல்லாமற்போனது.

1890ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஷ்லீமன் காலமானார். அவர் விரும்பிக் கற்ற கிரேக்கத்தின் தலைநகரான ஏதென்சில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

வகுப்பறையும் வசதியும் இல்லையே என்று நாம் சில நேரங்களில் சலித்துக்கொள்கிறோம். ஷ்லீமனிடம் இருந்தவை ஒரு பழைய புத்தகமும், வரிசையில் நிற்கும் சில நிமிடங்களும், கூச்சமில்லாத குரலும்தாம். நாம் கற்க விரும்பும் மொழியில் இன்றே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கலாம். ஐந்து வரி எழுதித் திருத்திக்கொள்ளலாம். நாளை அதை ஒருவரிடம் சொல்லிக் காட்டலாம். கேட்பவருக்கு அம்மொழி தெரியாவிட்டாலும் குறையில்லை. நமக்கு அது தெரியத் தொடங்கிவிடும்.