கூடாரத்தில் ஒரு கணக்குப் புலி

மடவார் வளாகத்திலிருந்து சிவகாசிக்கு பஸ் ஏறுகிற நண்பர்களே, தாமஸ் ராக்லண்ட் ஐயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1815-ல் இவர் பிறந்தார். 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நாலாவது இடம். (மேத்ஸ் அரியர் வைத்திருக்கும் நாமெல்லாம் ஒரு கும்பிடு போடலாம்!) அங்கேயே கல்லூரியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். 1845-ல் கப்பலேறிவிட்டார்.

சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்துக் காரியதரிசி உத்தியோகம். கடிதமும் கணக்கும்தான் வேலை. மனசு ஒட்டவில்லை. 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு வட திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். பங்களா கிடையாது, கூடாரம்தான். தெற்கே இருந்த சபைகள் உபதேசிமாரை மாசக் கணக்கில் முறை வைத்து அனுப்பும். அவர்கள் இவரோடு தங்கி ஊர் ஊராகப் போவார்கள். பயிற்சிக்கென்று தனிக் கட்டடம் ஏது? கரிசல் காட்டு வெயிலும் தெருவும்தான் வகுப்பறை.

பலன்? அவர் இருந்த நாளில் சொற்பம்தான். ஊழியம் ஊழியம் என்று உடம்பைக் கவனிக்காமல் விட்டது தப்புதான் என்று எனக்குப் படுகிறது. நெஞ்சு நோய் முற்றி, 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் இறந்துபோனார். வயசு 43, கல்யாணமும் இல்லை. ஃபென்னும் மெடோஸும் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள்.