கம்பிக்குப் பதில் குழாய்: விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்



ஜகதீஷ் சந்திர போஸ் என்றதும் நமக்குச் செடி கொடிகள்தான் ஞாபகம் வரும். நான் எழுதப் போவது அவருடைய ரேடியோ கதை. ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு. கீழே இருக்கிற செட்டிலிருந்து மேலே இருக்கிற ஆன்டெனாவுக்கு அலையை எது வழியாகக் கொண்டு போவது? போஸுக்கும் இதே கேள்விதான் வந்தது.

இவர் 1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் பிள்ளையோடு ஒன்றாக உட்கார்ந்து படித்தவர் போஸ். தமிழ் மீடியத்தில் படிக்கிற எனக்கு இதைத் தெரிஞ்சப்போ ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

பிறகு கேம்பிரிட்ஜில் படித்து, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். இந்தியர் என்பதால் வெள்ளைக்காரர்களை விடக் குறைவான சம்பளம். அவர் சண்டை போடவில்லை. மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்! கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர். அதை வைத்தே 1895-ல், கம்பி இல்லாமல் தூரத்தில் மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார்.

அவர் உண்டாக்கிய அலையின் நீளம் 5 மில்லிமீட்டர் வரை சின்னது. இவ்வளவு சின்ன அலையைச் சாதாரணக் கம்பியில் அனுப்பினால் வழியிலேயே வீணாகிவிடும். அதனால் உள்ளே ஒன்றுமில்லாத உலோகக் குழாய் வழியாக அனுப்பினார். வாங்கும் பக்கம் ஒரு புனல் வைத்தார். இந்தக் குழாய்க்கு இன்றைய பெயர் அலைவழிகாட்டி.

அப்படின்னா எல்லா ஹாம்களும் குழாயே வைக்கலாமே? முடியாது. குழாயின் அகலம் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இருக்கணும். 40 மீட்டர் அலைக்கு 20 மீட்டர் அகலக் குழாய் வேணும். நம்ம ஸ்கூல் கேட்டுக்குள்ளேயே நுழையாது! அதனால் நீள அலைக்கு கோஆக்சியல் கேபிள் அல்லது இரட்டைக் கம்பி. மிகக் குட்டி அலைக்குத்தான் குழாய்.

அஸ்தம்பட்டி மொட்டை மாடிகளில் டிடிஎச் டிஷ் பார்த்திருப்பீர்கள். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யின் வாய் ஒரு குட்டிப் புனலும் குழாயும்தான். அங்கே வருவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அலை. எல்.என்.பி. அதை நீள அலையாக மாற்றிய பிறகுதான் கேபிளில் இறங்கி டி.வி.க்கு வருகிறது.

குழாய் விஷயத்தை உலகம் மறந்தே போயிருந்தது. 1936-ல் அமெரிக்காவில் சவுத்வொர்த், பாரோ என்ற இருவர் தனித்தனியாக மறுபடி கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம், 1937 நவம்பர் 23-ல், போஸ் காலமானார். 2012-ல்தான் உலக மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ. அவருடைய சோதனைகளை மைல்கல் என்று அறிவித்தது.

இனி மாடிக்குப் போனால் அந்த எல்.என்.பி.யை ஒரு தடவை நின்னு பாருங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவன், அஸ்தம்பட்டி